பூஜ்யம் என்பது தரைத்தளம்

விளக்கு போனதும் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. யசோதராவுக்குப் பயம் வருமுன்பே ஒரு திருப்தி வந்தது: பிரேக் நன்றாகப் பிடித்திருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரை விலகி நிற்கும், போன கணத்தில் தானாக இறுகிக்கொள்ளும், யாரும் சொல்ல வேண்டாம், யாரும் யோசிக்க வேண்டாம், அந்த முடிவை இரும்பும் ஸ்பிரிங்குமாக ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டார்கள். இந்தப் பெட்டி இனி ஒரு விரல்கூடக் கீழே இறங்காது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் இது அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் லிஃப்ட், பீளமேட்டுத் தொழிற்கூடத்தில் செய்தது, கதவுக்குப் பக்கத்தில் அவர்களுடைய சின்னம் பித்தளைத் தகட்டில் தேய்ந்துபோய் இருக்கிறது, மொட்டைமாடி அறையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓடும் நிரலில் பாதி அவள் எழுதியது. மீதிப் பாதியை எழுதிய ஆசீர் இதே கட்டடத்தில் ஏழாவது மாடியில், உடைந்த காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிலோ சாத்துக்குடியோடு வந்தாள். பார்க்க என்று வீட்டில் சொன்னாள். சண்டை போட என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளை கம்பெனியில் ஒரு கூட்டம், அதில் ஆசீர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஆறு மாதமாகப் போராடி நுழைத்த ஒரு மாற்றத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அவர் வேறொரு வார்த்தை சொன்னால் அது நிற்கும். அந்த வேறொரு வார்த்தையை அவர் வாயிலிருந்து எப்படி வரவைப்பது என்று மூன்றாவது மாடி தாண்டும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள், விளக்கு போய்விட்டது.

கூரையில் பேட்டரி விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. கூட வந்தவள் இருபத்தைந்து வயதுக்காரி, இரண்டு கைக்கும் இரண்டு பெரிய அலங்காரப் பெட்டி, தோளில் முடி சுருட்டும் கருவி தொங்கும் பை. "நின்னுருச்சுங்களாக்கா?" என்றாள். நின்னுருச்சு, கண்ணு, ஒண்ணும் ஆகாது. "ஆறாவது மாடியில நிச்சயதார்த்தமுங்க. பொண்ணுக்கு நான்தான் மேக்கப்பு. பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீடு வந்துருமுங்க." அவள் கைப்பேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. யசோதரா மணி பொத்தானை அழுத்தினாள், அதற்கும் பேட்டரி உண்டு, எங்கோ கீழே கிணற்றுக்குள் அடிப்பதுபோல அடித்தது. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து காவலாளி கத்துவது கேட்டது: "கரண்ட் போயிருச்சுங்க! ஜெனரேட்டர் போடறேன்! அப்படியே இருங்க!" குரலில் அவசரம் இருந்தது, ஆனால் ஓடும் சத்தம் வரவில்லை, செருப்பு இழுபடும் சத்தம்தான் வந்தது. பெண் சுவரோடு சாய்ந்தாள். தன் பெயர் சுகுணப்பிரியா என்றும் எல்லாரும் சுகுணா என்பார்கள் என்றும் கேட்காமலே சொன்னாள், பயம் வந்தால் சிலர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கரண்ட் வந்ததும் சரியாயிருமில்லீங்களா, என்று கேட்டாள். யசோதரா உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கரண்ட் போனதில் ஆபத்து இல்லை. கரண்ட் வரும்போதுதான்.

ஏனென்றால் இந்தக் கட்டடத்தில் ஓடுவது பழைய நிரல். புதியதை வருடாந்திரச் சர்வீஸ் வரும் முறைப்படி ஒவ்வொரு கட்டடமாக ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், இதன் முறை தீபாவளிக்குப் பிறகு, அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆசீர் வீடு இருக்கிற கட்டடம் என்பதால் ஞாபகம் இருக்கிறது. பழைய நிரல் கண் விழித்ததும் என்ன நினைக்கும்? அது நினைப்பதற்கு முன்பே ஒன்று நடக்கும். நிரலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தொடக்க மதிப்பு வேண்டும், அதை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். கம்பைல் செய்யும்போதே, அதாவது நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழியாக மாற்றும்போதே, மதிப்பை முடிவு செய்து சிப்பில் பதித்துவிடலாம். மின்சாரம் வந்த முதல் கணத்திலேயே அது அங்கே இருக்கும், இந்த பிரேக் மாதிரி. இல்லையென்றால் ஓடத் தொடங்கியபின் யாரையாவது கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். கேட்டுப் பதில் வரும்வரை அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். நிரல் எழுதும் மொழியே அப்படித் துடைத்து வைத்துவிடும், விருந்தாளி வரும்வரை கவிழ்த்து வைத்த தம்ளர் மாதிரி. 'இப்போது எந்த மாடி' என்ற பெயருக்கு ஆசீர் இரண்டாவது வழியை எழுதியிருந்தார். கடைசியாக நின்ற மாடி ஒரு நினைவுச் சிப்பில் இருக்கும், அதைக் கேட்டு நிரப்பிக்கொள். அழகான யோசனை. ஆனால் அந்த நினைவுச் சிப்பை எழுப்புகிற வரிகள் இன்னொரு ஃபைலில் இருந்தன. இரண்டு ஃபைலில் எது முதலில் ஓடும்? மொழி அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. பல வருடம் நல்லவேளையாக எழுப்புவது முதலிலும் கேட்பது பிறகுமாக நடந்தது. போன வருடம் கம்பைலரைப் புதுப்பித்தார்கள், வரிசை மாறிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. தூங்குகிற சிப்பிடம் போய் எந்த மாடி என்று கேட்டால் அது பூஜ்யம் என்றது. பூஜ்யம் என்றால் தரைத்தளம். தரைத்தளத்தில் நிற்பதாக நம்பும் லிஃப்ட், மின்சாரம் வந்ததும் மரியாதையாகக் கதவைத் திறக்கும்.

தெரியாது என்பதற்கும் பூஜ்யம், தரைத்தளத்துக்கும் பூஜ்யம். இதை அவள் முன்பு ஒரு கூட்டத்தில் சொன்னபோது தன் குரல் உயர்ந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் ஏன் உயர்ந்தது என்று புரிந்தது. எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையில் அம்மை போட்டுப் படுத்திருந்தாள், வேப்பிலை வாசனையும் பனைவிசிறியும் ஞாபகம் இருக்கிறது, திரும்பிப் போனால் கணக்கில் பூஜ்யம் என்று போட்டிருந்தார்கள். அப்பா மில்லில் ஃபிட்டர், க்ரீஸ் போகாத விரலால் அந்தப் பூஜ்யத்தைத் தடவிப் பார்த்தார். மறுநாள் அவள் ஆசிரியர் அறைக்குப் போய் நின்றாள். டீச்சர், நான் எழுதிப் பூஜ்யம் வாங்கலீங்க, நான் எழுதவே இல்லீங்க. ரெண்டும் ஒண்ணுதானே, கூட்டினா ஒண்ணுதானே வருது, என்றார் டீச்சர். ஒண்ணு இல்லீங்க டீச்சர். நகரவே மாட்டேன் என்று நின்றாள். கடைசியில் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஆப்சென்ட் என்று எழுதினார்கள். அந்தப் பிடிவாதம் இன்னும் அவளிடம் அப்படியே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஆசீர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு சொன்னார்: "அந்த ரெண்டு ஃபைல் வரிசையைச் சரி பண்ணாப் போதும் யசோ. முடிஞ்சுது கத." இன்னைக்குச் சரியாகும் ஆசீர், நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு ஃபைல் சேர்ப்பாங்க, மறுபடி மாறும். தொடக்கத்தில் இருக்கற மதிப்பே தெரியாதுன்னு இருக்கட்டும், கம்பைல் ஆகும்போதே பதிச்சுருவோம், எது முதல்ல ஓடினாலும் பரவாயில்ல. தெரியாதுன்னா லிஃப்ட் கதவைத் தொடாது, மெதுவா அடிவரைக்கும் இறங்கும், அடியில இருக்கற சுவிட்ச்சைத் தொட்டதும் தெரிஞ்சுக்கும். அவர் சிரித்தார். "கரண்டு வரும்போதுல்லாம் ஏழாம் மாடிக்காரன ஒருக்கக் கீழ இறக்கி மேல ஏத்தப்போறியா? அவன் சும்மா இருப்பானா? ஏழாம் மாடிக்காரன் நானுல்லா!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாற்றம் அவள் சொன்னபடியே நடந்தது, பிறகு அவர் சொன்னபடியே புகார்களும் வந்தன, ஏறணும்னு பட்டனை அமுக்கினா இறங்குதே என்று. அதற்குத்தான் நாளைக்குக் கூட்டம்.

அந்தப் புகார்களை எழுதியவர்கள் ராமநாதபுரத்து மனிதரைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள், மாற்றம் வருவதற்கு முன்பு, அங்கே ஒரு லிஃப்ட்டின் கதவு தப்பாகத் திறந்ததை விசாரிக்கப் போனபோது. நல்ல உயரமான மனிதர், வங்கியில் வேலை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றிருந்தது, கரண்ட் வந்தது, கதவு திறந்தது, மேல்பாதி சுவர், கீழ்ப்பாதியில் வெளிச்சமாக வராந்தா. குனிந்து குதித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். குதிக்கிறவன் கண்ணுக்கு வராந்தாதான் தெரியும். வராந்தாவின் விளிம்புக்கும் பெட்டியின் அடிக்கும் நடுவே திறந்து கிடக்கும் பள்ளம் தெரியாது. அவர் ஒரு காலை வெளியே விட்டார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். செருப்பு மட்டும் கழன்று போயிற்று. "அது விழுந்த சத்தம் கேக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுங்களா மேடம்," என்று அவர் கேட்டார், பதில் எதிர்பார்க்கவில்லை. யசோதரா இப்போது மாடிகளை மனதில் எண்ணினாள். மூன்றாவது தாண்டியாகிவிட்டது, நான்காவது வரவில்லை. நாமும் நடுவில்தான் நிற்கிறோம். கதவு திறக்கும். திறந்தால் மேலே சுவரா, கீழே சுவரா? திறந்தால் என்ன, திறக்கட்டும், நாம் அசையாமல் இருந்தால் போதும். அசையாமல் இருப்பதற்கு ஒரு ஆளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் சொன்னால் காதில் விழாது, அந்த நேரத்தில் கால் யோசித்துவிடும்.

அதற்குள் சுகுணா எழுந்து கதவின் இடுக்கில் விரல் நகங்களைச் செருகிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் இழுத்தா வருமுங்க்கா. எங்க அத்தை வீட்டு லிஃப்ட்டுல மாமா இப்படித்தான் தொறந்தாரு." யசோதரா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், மெதுவாகத்தான் பிடித்தாள், ஆனால் விடவில்லை. "சுகுணா, என்னைப் பாருங்க. இந்த லிஃப்ட்டுக்குப் புரோகிராம் எழுதுனது நானு. நான் சொல்றதக் கேப்பீங்களா?" பெண் திரும்பிப் பார்த்தாள், பருத்திப் புடவையையும் சாத்துக்குடிப் பையையும் பார்த்தாள், நம்பலாமா வேண்டாமா என்று முகம் தடுமாறியது. "நெசமாலுமா?" "நெசமா. இப்ப கரண்ட் வரும். வந்ததும் இந்தக் கதவு தானாத் தொறக்கலாம். தொறந்தா வெளிச்சம் தெரியும், ஆளுங்ககூடத் தெரிவாங்க, வா வான்னு கூப்புடுவாங்க. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. இந்தச் சுவத்தோட ஒட்டி என் பக்கத்துல உக்காந்திருக்கணும்." எதுக்குத் தொறக்குது, அதுக்குத் தெரியாதா நாம நடுவுல நிக்கறோம்னு? தெரியாது. தெரியாதுங்கறதும் அதுக்குத் தெரியாது. சுகுணாவுக்குக் கோபம் வந்தது, பயத்தைவிடக் கோபம் நல்லது, முகத்தில் இரத்தம் திரும்பியது. "அப்ப என்ன புரோகிராம் எழுதுனீங்க?" யசோதராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நியாயமான கேள்வி. "நீங்க வீட்லருந்து கிளம்பறப்பவே பெட்டியில சிலது எடுத்து வெச்சுப்பீங்கல்ல, சிலது பொண்ணு மொகத்தப் பாத்துட்டு அங்க வெச்சுக் கலப்பீங்கல்ல?" ஃபவுண்டேஷன் அங்கதான் கலப்பமுங்க, கலர் பாத்து. "கலக்கறதுக்கு முன்னாடி தட்டு காலியா இருக்கு. அந்தக் காலித் தட்டையே யாராச்சும் எடுத்துப் பொண்ணு மொகத்துல பூசிட்டா?" காலித் தட்ட எப்படிங்க்கா பூசறது. "மனுசங்க பூச மாட்டாங்க. மிசின் பூசிரும்." சுகுணா கொஞ்சம் யோசித்தாள். புரிந்ததா இல்லையா தெரியவில்லை, கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள், அது போதும். இருவரும் பின்சுவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், அலங்காரப் பெட்டிகளைக் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டார்கள். நான் சரியாகத்தான் சொன்னேன், என்று யசோதரா நினைத்தாள். நாளைக்கும் இதையேதான் சொல்வேன், ஆசீர் சிரித்தாலும் சொல்வேன், எல்லாரும் சிரித்தாலும். என்னை வெளியே அனுப்பினாலும் வாசலில் நின்று சொல்வேன். பயம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள். இருந்தது, ஒரு ஓரமாக, ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்ததால் சும்மா உட்கார்ந்திருந்தது.

கீழே ஜெனரேட்டர் இருமியது, அணைந்தது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. மின்விசிறி முனகியது. கூரை விளக்கு ஒரு முறை சிமிட்டி எரிந்தது. யசோதரா சுகுணாவின் முழங்கையைப் பற்றிக்கொண்டு கதவையே பார்த்தாள், கதவின் இரண்டு பலகையும் சேரும் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்தாள், இப்போது, இப்போது, இப்போது. திறக்கவில்லை. எங்கோ மேலே பிரேக் விடுபடும் சொடக்கு கேட்டது. அவள் பார்வை கதவுக்கு மேலே இருந்த சின்னத் திரைக்குப் போனது. பழைய நிரலாக இருந்தால் அங்கே பூஜ்யம் எரிய வேண்டும். அங்கே இரண்டு சிறு கோடுகள் எரிந்தன, பக்கத்தில் பக்கத்தில், சிவப்பாக. மாடி தெரியாதபோது என்ன காட்டுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள், அவள்தான் இரண்டு கோடு என்று சொன்னாள், அவள் மேஜையில் அல்லாமல் ஒரு நிஜக் கட்டடத்தில் அந்தக் கோடுகளை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. லிஃப்ட் அசைந்தது, மெதுவாக, தூங்குகிற வீட்டில் விழித்துக்கொண்டவன் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல, கீழ்நோக்கி. "அய்யோ, எறங்குதுங்க்கா!" என்றாள் சுகுணா. எறங்கட்டும், எறங்கட்டும் கண்ணு, அது எறங்கணும். எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெட்டி இறங்கியது, ஒவ்வொரு மாடியின் சிமெண்ட் விளிம்பும் கதவு இடுக்கில் நிழலாக ஏறிப் போயிற்று, அவள் தன் மகன் முதன்முதலில் சைக்கிள் ஓட்டியதை இப்படித்தான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் ஏற்றியிருப்பார்கள் இதை? சர்வீஸ் வரவில்லை. முறை வரவில்லை. அடியில் ஒரு மெல்லிய தட்டல். கோடுகள் அணைந்து பூஜ்யம் வந்தது, இந்த முறை உண்மையான பூஜ்யம். கதவு திறந்தது. எதிரே தரை, ஒரே மட்டத்தில், காவலாளியின் செருப்புகள், சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பம்.

"ஒண்ணும் ஆகலீங்களே?" என்று காவலாளி கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. இந்த லிஃப்ட்டை யாராவது சமீபத்தில் திறந்தார்களா என்று யசோதரா கேட்டாள். "வெளியாளு யாரும் இல்லீங்க. ஏழாவது மாடி ஆசீர் சார்தான். கால ஒடச்சுக்கறதுக்கு முந்துன வாரம், லேப்டாப்ப எடுத்துட்டு மொட்டமாடி ரூமுக்குப் போயி என்னமோ பண்ணிட்டிருந்தாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சுகுணா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தாள், ஆறு மாடி, பெட்டிகளைப் பார்த்தாள். "நீங்க எதுலீங்க்கா போறீங்க?" லிஃப்ட்டுல, என்றாள் யசோதரா, ஏற்கெனவே உள்ளே போய் நின்றுகொண்டு. கதவை ஒரு கையால் பிடித்திருந்தாள். ஒரு கணம் அந்தப் பெண் நின்றாள், பிறகு பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் ஏறினாள், ஆறாவது மாடி வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இறங்கியதும் ஓடினாள், ஓடிக்கொண்டே, நிச்சயம் முடிஞ்சதும் சாப்பிட வாங்க்கா, என்று கத்தினாள்.

ஆசீர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கட்டுப் போட்ட கால் ஸ்டூல்மேல், மடியில் செய்தித்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, கரண்ட் போனது அவருக்கும்தானே தெரியும்.

"உள்ள நீதான் மாட்டிக்கிட்டியா?"

"நான்தான்."

"கதவு தொறந்துச்சா?"

"இல்ல. ஏன் ஆசீர் ஏத்தினீங்க? நீங்கதானே வேண்டாம்னீங்க."

அவர் செய்தித்தாளை மடித்தார், இன்னும் ஒரு முறை மடித்தார். "ஒன்னத் தோக்கடிக்கத்தான் ஏத்துனேன். கரண்டு போவட்டும், வரட்டும், இங்க உள்ளவனுவ எத்தன பேரு என்னத் திட்டுதான்னு பாத்து, நாளைக்கு மீட்டிங்குல வச்சுச் சொல்லலாம்னு." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாலஞ்சு தடவ கரண்டு போச்சு. ஒருத்தனும் திட்டல. போன செவ்வாக்கெழம ஆஸ்பத்திரியிலருந்து வரும்போது நானே மாட்டிக்கிட்டேன், கால இப்படி நீட்டிக்கிட்டு, நடுவுல. கரண்டு வந்துச்சு. கதவு தொறந்துருமோன்னு கெடந்தேன் பாரு. நான் ஏத்துனது எனக்கே மறந்துபோச்சு யசோ. பழச நெனச்சுக்கிட்டு வேர்த்து ஊத்துது."

அவள் சாத்துக்குடிப் பையை மேஜைமேல் வைத்தாள். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுக்கும் இப்போது வேலை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"புகார் எழுதுனவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள்.

"அதத்தான் ராத்திரிலருந்து யோசிக்கேன்," என்றார் ஆசீர். "பதில் கெடக்கட்டும். நாளைக்கு மொதல்ல யாரு பேச, நீயா நானா?"

"நீங்க," என்றாள் யசோதரா. "ஆனா நீங்க லேட்டா வந்தீங்கன்னா நான் ஆரம்பிச்சுருவேன்."